பழுதாகும் முன்பே மாற்றலாமா? பிளக், கொயில் பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி: ஐயா, நானும் கணவரும் உப்புவெளியில் வசிக்கும் ஆசிரியர்கள். மகள் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படிப்பதால் மாதத்தில் இரண்டு தடவையாவது கந்தளாய், ஹபரணை வழியாகக் காரில் போய் வருகிறோம். எங்களுடையது 2005ஆம் ஆண்டு தயாரிக்கப்பட்ட, 1500 சிசி, நான்கு சிலிண்டர் பெற்றோல் கார். 148,000 கிலோமீற்றர் ஓடியிருக்கிறது. சென்ற மாதம் திரும்பி வரும்போது, இரவு எட்டு மணியளவில், ஹபரணையைத் தாண்டிக் காட்டுப் பகுதிக்குள் வந்த பிறகு எஞ்சின் திடீரென்று நடுங்கத் தொடங்கியது. டாஷ்போர்டில் எஞ்சின் விளக்கு விட்டு விட்டு மின்னியது. மிகவும் பயந்து, மெதுவாக ஓட்டிக்கொண்டு கந்தளாய் வந்து சேர்ந்தோம். மறுநாள் காலை அங்குள்ள கராஜ் ஒன்றில் மூன்றாம் சிலிண்டரின் கொயில் எரிந்துவிட்டதென்று கண்டுபிடித்து, அதை மட்டும் மாற்றித் தந்தார்கள். எங்கள் வழமையான மெக்கானிக்கோ, “ஒன்று போனால் மற்ற மூன்றும் பின்னாலேயே போகும், பிளக்குகளோடு சேர்த்து நான்கையும் மாற்றிவிடுங்கள்” என்கிறார். “ஓடுகிற சாமானில் கை வைக்காதே” என்கிறார் என் அண்ணா. யார் சொல்வதைக் கேட்பது?
ஆசிரியை, உப்புவெளி

பதில்: பிளக்குகளைப் பொறுத்தவரை உங்கள் மெக்கானிக் சொல்வது சரி. கொயில்களைப் பொறுத்தவரை உங்கள் அண்ணா சொல்வது, சில நிபந்தனைகளோடு, சரி. இரண்டும் ஒரே துளைக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக உட்கார்ந்திருப்பதால் அவற்றை ஒரே இனமாக எண்ணிப் பழகிவிட்டோம். ஆனால் அவை கெட்டுப்போகும் விதம் முற்றிலும் வேறானது. அந்த வேறுபாட்டைப் புரிந்துகொண்டால் எதை முன்கூட்டியே மாற்றுவது, எதை விட்டுவைப்பது என்பதை நீங்களே தீர்மானித்துவிடலாம்.

முதலில், சிலிண்டருக்குள் பெற்றோலைப் பற்றவைக்கத் தீப்பொறி விடும் பிளக்கைப் பார்ப்போம். உங்கள் கார் மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் போகும்போது எஞ்சின் நிமிடத்துக்கு ஏறத்தாழ 2000 தடவை சுழல்கிறது என்று வைத்துக்கொள்வோம். நான்கடிப்பு எஞ்சினில் இரண்டு சுழற்சிக்கு ஒரு தடவை பொறி தேவைப்படுவதால், ஒரு நிமிடத்தில், அதாவது ஒரு கிலோமீற்றர் தூரத்தில், ஒவ்வொரு பிளக்கும் 1000 தடவை பொறி விடுகிறது. நீங்கள் ஒரு தடவை பேராதனைக்குப் போய் வந்தால் ஒவ்வொரு பிளக்கும் ஏறத்தாழ மூன்றரை இலட்சம் தடவை வேலை செய்திருக்கும். ஒவ்வொரு பொறியும் முனையிலிருந்து கண்ணுக்குத் தெரியாத அளவு உலோகத்தை அரித்துக்கொண்டு போகிறது. இதில் தப்ப வழியில்லை; நல்ல பிளக் மெதுவாகத் தேயும், சாதாரண பிளக் விரைவாகத் தேயும், அவ்வளவுதான். சாதாரண நிக்கல் முனைப் பிளக் 20,000 முதல் 40,000 கிலோமீற்றர் வரையிலும், நல்ல இரிடியம் பிளக் ஏறத்தாழ 100,000 கிலோமீற்றர் வரையிலும் தாங்கும் என்பது பொதுவான கணக்கு. ஓடிய தூரத்துக்கு ஏற்ப நிச்சயமாகத் தேய்கின்ற ஒரு பொருளை, அது முற்றாகக் கைவிடும்வரை வைத்திருப்பதில் எந்த இலாபமும் இல்லை. தேய்ந்த பிளக் அமைதியாகத் தேய்வதுமில்லை. தன் மேலுள்ள கொயிலையும் வருத்திக்கொண்டுதான் தேய்கிறது.

கொயிலின் வேலை, பற்றரியின் 12 வோல்ற்றைப் பல ஆயிரம் வோல்ற்றாக உயர்த்திப் பிளக்கின் இடைவெளியைத் தாண்ட வைப்பது. புதிய பிளக்கில் அந்த இடைவெளி, உங்கள் காரைப் போன்றவற்றில், 1 மில்லிமீற்றரை ஒட்டி இருக்கும். முனை தேயத் தேய இடைவெளி அகலும். இடைவெளி அகல அகலப் பொறி தாண்டுவதற்கு வேண்டிய மின்னழுத்தமும் ஏறும். அந்த மேலதிக அழுத்தத்தைச் சுமப்பது கொயிலுக்குள் இருக்கும் மயிரிழை போன்ற செப்புக் கம்பியின் காப்புப் பூச்சும், அதைச் சூழ்ந்துள்ள பிசினும், பிளக்கின்மீது இறங்கும் இறப்பர் உறையும்தான். ஏற்கெனவே எஞ்சின் சூட்டில் வெந்துகொண்டிருக்கும் அந்தக் காப்பு, எங்கே பலவீனமாக இருக்கிறதோ அங்கே ஒருநாள் உடைகிறது. அன்று இரவு ஹபரணைக் காட்டில் உங்கள் மூன்றாம் கொயிலுக்கு நடந்தது பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்.

ஆகவே உங்கள் கடிதத்தில் இல்லாத ஒரு விவரத்தை நான் கேட்க வேண்டியிருக்கிறது: பிளக்குகளைக் கடைசியாக எப்போது மாற்றினீர்கள்? விடை தெரியாது என்றால், அதுவே போதிய விடை. நான்கையும் இந்த வாரமே மாற்றிவிடுங்கள். கழற்றிய பழைய பிளக்குகளை எந்தச் சிலிண்டரிலிருந்து வந்தவை என்று குறித்து வரிசையாக வைத்துப் பார்க்கும்படி மெக்கானிக்கிடம் கேளுங்கள். வெள்ளைப் பீங்கானின் நுனி இளம் பழுப்பு அல்லது சாம்பல் நிறத்தில் இருந்தால் எரிதல் நன்றாக இருக்கிறது. கறுத்து, உலர்ந்த கரி படிந்திருந்தால் பெற்றோல் அதிகமாகப் போகிறது அல்லது பொறி வலுவிழந்திருக்கிறது. எண்ணெய்ப் பிசுபிசுப்பு இருந்தால் எஞ்சினுக்குள்ளேயே வேறு கவலை இருக்கிறது. மூன்றாம் சிலிண்டரின் பிளக் மட்டும் மற்றவற்றிலிருந்து மாறுபட்டிருந்தால், கொயில் இறந்ததற்கான காரணம் அந்தச் சிலிண்டரில்தான் இருக்கிறது. மற்ற மூன்று கொயில்களின்மேல் குற்றம் சுமத்த வேண்டியதில்லை. நான்கு பிளக்குகளிலும் இடைவெளி ஒரே அளவாக, மிக அதிகமாக அகன்றிருந்தால் நிலைமை வேறு. அப்போது நான்கு கொயில்களும் நீண்டகாலம் ஒரே சுமையைச் சுமந்திருக்கின்றன. உங்கள் மெக்கானிக்கின் அச்சத்துக்கு அங்கே நியாயம் உண்டு.

இன்னொன்றையும் அவசியம் பார்க்க வேண்டும். கொயிலைத் தூக்கியதும் அதன் நீண்ட இறப்பர் கழுத்தில் ஒயில் ஒட்டியிருக்கிறதா? எஞ்சினின் மேல் மூடியான டப்பெற் கவரின் அடியில் பிளக் துளையைச் சுற்றியுள்ள சீல் இறுகிப்போனால், ஒயில் மெதுவாக அந்தக் குழிக்குள் இறங்கித் தேங்கும். இறப்பர் ஊதி மென்மையாகி, பொறி பிளக்கின் நுனிக்குப் போகாமல் பக்கவாட்டில் உலோகத்துக்குத் தாவும். அந்தச் சீலை மாற்றாமல் எத்தனை புதிய கொயில் போட்டாலும் அவையும் அதே வழியில்தான் போகும். கொயில் மாற்றப்பட்ட பல கார்களில் சீல் மாற்றப்படாமலே இருப்பதைக் கண்டு வருந்தியிருக்கிறேன்.

இனி, நல்ல நிலையில் இருக்கும் மூன்று கொயில்களையும் வயதைக் காரணம் காட்டி ஏன் மாற்ற வேண்டாம் என்கிறேன் என்பதைச் சொல்ல வேண்டும். பழைய பொருள் எப்போதும் ஆபத்தானது, புதிய பொருள் எப்போதும் பாதுகாப்பானது என்ற எண்ணம் நம் எல்லோருக்கும் இயல்பாக இருக்கிறது. விமானங்களைப் பராமரிப்பவர்களும் நெடுங்காலம் அப்படித்தான் எண்ணினார்கள். அமெரிக்காவின் யுனைற்றட் விமான நிறுவனத்தைச் சேர்ந்த நௌலன், ஹீப் என்ற இரு பொறியியலாளர்கள் 1978இல் அந்நாட்டுப் பாதுகாப்புத் திணைக்களத்துக்கு அளித்த அறிக்கையில், தாங்கள் ஆராய்ந்த விமானப் பாகங்களில் 11 வீதமானவை மட்டுமே வயது ஏற ஏறத் தேய்ந்து பழுதாகும் இயல்பைக் காட்டின என்று எழுதினார்கள். எஞ்சிய 89 வீதத்துக்கு, இத்தனை மணி நேரம் ஆனதும் மாற்று என்ற விதியால் பயனில்லை. அவற்றிலும் பெரும் பகுதி, பொருத்திய புதிதில்தான் அதிகமாகப் பழுதாகின; அந்தக் காலத்தைத் தாண்டியவை அமைதியாக நீண்டகாலம் உழைத்தன. கார் விமானமல்ல என்பது உண்மையே. ஆனாலும் சுருள் கம்பியும் மின்னணுச் சில்லும் பிசினுக்குள் புதைந்திருக்கும் கொயில், தேய்கின்ற இனத்தைவிட இந்த இரண்டாவது இனத்துக்கே நெருக்கமானது.

இதை நான் அனுபவத்திலும் கற்றேன். பல ஆண்டுகளுக்கு முன், நெடும் பயணம் போகவிருந்த ஒருவரின் காரில், எதுவும் பழுதாகாத நிலையில், வழியில் நிற்கக்கூடாது என்ற நல்லெண்ணத்தில் நான்கு கொயில்களையும் நானே மாற்றிக் கொடுத்தேன். அவற்றில் ஒன்றின் வயர் இணைப்பான் பழையதாகி, பூட்டும் நாக்கு உடைந்திருந்ததைக் கவனிக்கவில்லை. ஹபரணைக்கு அப்பால் அது கழன்று, குழந்தைகளோடு அவர்கள் வெயிலில் நின்றார்கள். கை வைக்காமல் விட்டிருந்தால் அந்த இணைப்பான் அசைந்தே இருக்காது. ஒவ்வொரு தடவை பொனற்றைத் திறந்து ஒன்றைக் கழற்றும்போதும் ஏதோ ஒரு புதிய தவறுக்கு இடம் கொடுக்கிறோம் என்பதை அன்று முதல் நான் மறந்ததில்லை. இங்கே கிடைக்கும் சாமான்களின் தரத்தையும் இதோடு சேர்த்து எண்ணிப் பாருங்கள். 2020 மார்ச் முதல் பல ஆண்டுகள் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்ததால், நாட்டிலுள்ள பழைய கார்களையே நாம் எல்லோரும் காப்பாற்றி ஓட்டினோம். பெயர் தெரியாத கொயில்களும், வேறொரு காரிலிருந்து கழற்றித் துடைத்த கொயில்களும் கடைகளில் நிறைய இருக்கின்றன. 148,000 கிலோமீற்றர் உழைத்துத் தன்னை நிரூபித்த கொயிலைக் கழற்றிவிட்டு, ஒருநாளும் சோதிக்கப்படாத ஒன்றை அந்த இடத்தில் வைப்பது முன்னெச்சரிக்கை ஆகாது.

அப்படியானால் இரவில் காட்டு வழியில் போகும் நீங்கள் என்ன பாதுகாப்பைத் தேடிக்கொள்வது? உங்கள் எஞ்சினுக்குரிய இலக்கத்தைக் கொண்ட, கம்பனித் தரத்திலான ஒரே ஒரு கொயிலை வாங்குங்கள். அதை எஞ்சினில் ஒரு வாரம் பொருத்தி ஓட்டி நல்லதென்று உறுதி செய்துகொண்டு, கழற்றிய பழைய நல்ல கொயிலைத் துணியில் சுற்றிக் காரின் பின்பெட்டியில் வையுங்கள். அதோடு ஒரு 10 மில்லிமீற்றர் சொக்கற்றும் கைவிளக்கும் இருக்கட்டும். உங்கள் காரைப் போன்ற பெரும்பாலான ஜப்பானியக் கார்களில் ஒரு கொயிலை ஒரே ஒரு போல்ற்றும் ஒரு வயர் இணைப்பானும்தான் பிடித்திருக்கின்றன. எஞ்சினை நிறுத்திச் சூடு சற்றுத் தணிந்ததும் பத்து நிமிடத்தில் மாற்றிவிடலாம். பகலில் வீட்டு முற்றத்தில் மெக்கானிக்கை அருகில் வைத்துக்கொண்டு நீங்களும் கணவரும் ஒரு தடவை செய்து பாருங்கள்.

எந்தச் சிலிண்டர் என்று அறிவதற்கு, காரின் கணினியில் பதிந்த பிழைக் குறியீடுகளை வாசிக்கும் ஸ்கானர் உதவும். பி 0301 முதல் பி 0304 வரையான குறியீடுகளில் கடைசி இலக்கம் சிலிண்டரைக் குறிக்கும். சந்தேகத்துக்குரிய கொயிலைப் பக்கத்துச் சிலிண்டருக்கு மாற்றிப் பொருத்தும்போது குறியீடும் அதனுடன் சேர்ந்து இடம் மாறினால் குற்றம் கொயிலில்தான். இடம் மாறாவிட்டால் பிளக், பெற்றோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர், வயர் என்று வேறிடத்தில் தேட வேண்டும். கந்தளாயில் இதைச் செய்துதான் முடிவுக்கு வந்தார்களா என்று கேட்டறிவது நல்லது.

அன்று இரவு எஞ்சின் விளக்கு மின்னியதன் பொருளையும் சொல்லிவிடுகிறேன். நிலையாக எரிந்தால், வசதியான நேரத்தில் காட்டலாம். மின்னி மின்னி எரிந்தால், எரியாத பெற்றோல் புகைக்குழாய்க்குள் போய் அங்கு புகையைச் சுத்திகரிக்கும் கற்றலிற்றிக் கொன்வேர்ட்டரைச் சுட்டுக் கெடுக்கும் அளவுக்கு எஞ்சின் மிஸ் அடிக்கிறது, அதாவது எரிதல் தவறுகிறது, என்று அர்த்தம். அந்தப் பாகத்தின் விலை நான்கு பிளக்குகளின் விலையைவிடப் பல மடங்கு. ஆகவே பொதுவாக அந்த நிலையில் வண்டியைப் பாதுகாப்பாக ஓரம் நிறுத்தி, கொயிலை மாற்ற வேண்டும். மாற்றுக் கொயில் இல்லையென்றால் அந்தச் சிலிண்டரின் இன்ஜெக்டர் இணைப்பானையாவது கழற்றிப் பெற்றோல் போவதைத் தடுக்க வேண்டும். சூடேறிய புகைக்குழாய் காய்ந்த புல்லில் படும்படி நிறுத்தவே கூடாது. ஆனால் ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் இடைப்பட்ட யானை கடக்கும் பகுதியில், இரவில், எஞ்சின் மூன்று சிலிண்டரிலாவது ஓடிக்கொண்டிருக்கும்போது இறங்கிப் பொனற்றைத் திறக்காதீர்கள். அக்சிலறேற்றரைப் பலமாக அழுத்தாமல், ஏசியை நிறுத்திவிட்டு, நீங்கள் அன்று செய்ததைப் போலவே மெதுவாக ஆள் நடமாட்டமுள்ள இடத்துக்கு வந்துவிடுங்கள். கொன்வேர்ட்டர் போனால் போகட்டும்.

கேள்வி: ஐயா, மூதூரில் சிறு கடை வைத்திருக்கிறேன். 1990களின் தொடக்கத்தில் வந்த, டிஸ்ரிபியூட்டர் உள்ள காரையே இன்றும் ஓட்டுகிறேன். மாரி காலத்தில் காலையில் ஸ்ரார்ட் எடுப்பதில்லை. வெயில் ஏறிய பிறகு எடுக்கிறது. கொயில், டிஸ்ரிபியூட்டர் மூடி, ரோட்டர், பிளக் வயர் எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றச் சொல்கிறார்கள். வருமானம் குறைந்த காலத்தில் இது தேவைதானா? முன்பு என்னிடமிருந்த பழைய மொறிஸ் மைனரில் பொயின்ற்றைத் தேய்த்து விட்டாலே போதுமாக இருந்தது.
வணிகர், மூதூர்

பதில்: உப்புவெளி ஆசிரியைக்குச் சொன்னதை அப்படியே உங்களுக்குச் சொல்ல முடியாது, ஏனென்றால் உங்கள் காரின் அமைப்பே வேறு. அவருடைய காரில் ஒரு கொயில் இறந்தாலும் மற்ற மூன்று சிலிண்டர்கள் வண்டியை இழுத்து வரும். உங்கள் காரில் நான்கு சிலிண்டருக்கும் ஒரே கொயில், ஒரே ரோட்டர், ஒரே மூடி; டிஸ்ரிபியூட்டருக்குள் சுழலும் ரோட்டர்தான் கொயிலின் மின்சாரத்தை மூடி வழியாக ஒவ்வொரு பிளக் வயருக்கும் பிரித்தனுப்புகிறது. அவற்றில் ஒன்று கைவிட்டால் கார் நின்ற இடத்தில் நிற்கும். அதோடு, மூடியும் ரோட்டரும் பிளக்கைப் போலவே தேய்கின்ற இனம். ரோட்டரின் நுனியிலிருந்து மூடியின் உட்புறக் கம்பிகளுக்குப் பொறி ஒவ்வொரு தடவையும் தாவித்தான் போக வேண்டியிருப்பதால் இரண்டு பக்கமும் எரிந்து கரைகின்றன. மூடியின் நடுவிலுள்ள கரிக் குச்சியும் தேய்ந்து குறுகுகிறது. ஆகவே மூடி, ரோட்டர், பிளக் வயர் ஆகிய மூன்றையும் பழுதாகும் முன்பே மாற்றுவதை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். கொயிலை மாற்ற வேண்டாம். அளந்து பார்த்துப் பழுதென்று தெரிந்தால் மாத்திரம் மாற்றலாம்.

உங்கள் காரின் நோய்க்குறி மிகத் தெளிவாக இருக்கிறது. ஈரத்தில் எடுக்காமல், காய்ந்ததும் எடுக்கிறது என்றால் உயர் மின்னழுத்தம் எங்கோ ஈரத்தின் வழியே கசிகிறது. பணம் செலவழிக்கும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். நிலவில்லாத இரவில், வீட்டு விளக்குகளை அணைத்துவிட்டு, எஞ்சினை ஓடவிட்டுப் பொனற்றைத் திறந்து பாருங்கள். தலைமுடிக்குத் தண்ணீர் தெளிப்பது போன்ற மெல்லிய தூவலை வயர்களின்மேல் தள்ளி நின்று ஒரு தடவை தூவுங்கள். கசியும் இடத்தில் நீலப் பொறி தாவுவது தெரியும். அந்த நேரத்தில் எந்த வயரையும் கையால் தொடாதீர்கள். பிறகு எஞ்சினை நிறுத்தி, மூடியைக் கழற்றி உட்புறத்தைப் பாருங்கள். பென்சிலால் கீறியது போன்ற கறுப்புக் கோடு ஒரு கம்பியிலிருந்து மற்றொன்றுக்கு ஓடியிருந்தால், பொறி தனக்கொரு குறுக்குவழி அமைத்துக்கொண்டது என்று பொருள். அதைத் துடைத்து மீட்க முடியாது. மூடியை மாற்றியே ஆக வேண்டும். பச்சை நிறக் களிம்பு படிந்த முனைகள், கடற்காற்றின் உப்பு உள்ளே போயிருப்பதைக் காட்டும். கொட்டியாரக் குடாவின் காற்றிலேயே ஆண்டு முழுவதும் நிற்கும் உங்கள் காருக்கு இது எதிர்பார்க்கக்கூடியதே. மூடிக்கும் அதன் இருக்கைக்கும் இடையே ஓர் இறப்பர் வளையம் இருக்கும். மூடியை மாற்றும்போது அது இருக்கிறதா, வெடிக்காமல் இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். அந்தச் சிறு வளையத்தைப் போடாமல் விடுவதாலேயே பல புதிய மூடிகள் ஒரே மாரியில் கெட்டுவிடுகின்றன.

பிளக் வயர்களை மீற்றரால் அளக்கச் சொல்லுங்கள். பல ஜப்பானியக் கார்களின் கைந்நூல்கள் ஒரு வயருக்கு 25 கிலோ ஓமைக் கடைசி எல்லையாகக் குறிப்பிடுகின்றன. அதைத் தாண்டியிருந்தால், அல்லது ஒன்று மட்டும் மற்றவற்றைவிட மிக அதிகமாகக் காட்டினால், முழுத் தொகுதியையும் மாற்றுங்கள். மாற்றும்போது ஒரு வயரைக் கழற்றி, அதன் இடத்தில் புதியதைப் பொருத்திய பிறகே அடுத்ததைத் தொட வேண்டும். நான்கையும் ஒன்றாகப் பிடுங்கிவிட்டு ஒழுங்கைத் தேடித் தவித்தவர்கள் பலர். வயரைப் பிடித்து இழுக்காமல், நுனியிலுள்ள இறப்பரைப் பிடித்துச் சற்றே திருகி எடுக்க வேண்டும்.

மொறிஸ் மைனரைக் குறிப்பிட்டீர்கள்; அப்படிப்பட்ட காரை இன்னும் வைத்திருக்கும் மற்ற வாசகர்களுக்காக ஒன்று சொல்கிறேன். கொயிலுக்குப் போகும் மின்சாரத்தை விட்டு விட்டுத் துண்டிக்கும் பொயின்ற் தேய்கின்ற பொருள், இடைவெளி 0.4 மில்லிமீற்றரை ஒட்டி இருக்க வேண்டும், குழி விழுந்தால் மாற்றிவிட வேண்டும். பொயின்ற்றின் முனை எரியாமல் காக்கும் கொண்டென்சர் அப்படியல்ல. அது பல ஆண்டுகள் அமைதியாக உழைக்கும்; பிறகு முன்னறிவிப்பின்றி நிற்கும். பொயின்ற்றை மாற்றும்போதெல்லாம் கொண்டென்சரையும் சேர்த்து மாற்றுவது பழைய வழக்கம். இன்று கிடைக்கும் புதிய கொண்டென்சர்களின் தரம் பல வேளைகளில் பழையவற்றுக்கு ஈடாக இல்லாததால், நன்றாக உழைக்கும் பழையதைக் கழற்றி எறிய வேண்டாம் என்றே சொல்வேன். புதியதை வாங்கிக் கையுறைப் பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நிலாவெளியில் சுற்றுலாப் பயணிகளுக்காக டீசல் வான் ஓட்டுகிறேன். பிளக்குகளை எத்தனை கிலோமீற்றருக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும்?
வான் சாரதி, நிலாவெளி

பதில்: டீசல் எஞ்சினில் பொறி விடும் பிளக்கே இல்லை, தம்பி, அழுத்தத்தால் சூடேறிய காற்றில் டீசல் தானே தீப்பற்றுகிறது. உங்கள் வானில் இருப்பது ஹீற்றர் பிளக். குளிர்ந்த எஞ்சினை ஸ்ரார்ட் செய்வதற்கே அது முக்கியமாக உதவுகிறது. திருகோணமலையின் சூட்டில் அதில் ஒன்று போனாலும் உங்களுக்குத் தெரியாமலே வண்டி எடுக்கும். நுவரெலியாப் பக்கம் இரவு தங்கப் போகிறீர்கள் என்றால் அதற்கு முன் சோதித்துக்கொள்ளுங்கள். மற்றப்படி தூரம் பார்த்து மாற்ற வேண்டிய அவசியம் இல்லை.

கேள்வி: என்னிடம் இருப்பது ஜப்பானிலிருந்து வந்த 660 சிசி, மூன்று சிலிண்டர் ஹைபிரிட் கார். இரிடியம் பிளக் ஓர் இலட்சம் கிலோமீற்றர் தாங்கும் என்கிறார்கள். எனது மீற்றர் 62,000 காட்டுகிறது. இப்போதே மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். போலிப் பிளக்குகளும் வருகின்றனவாமே?
வங்கி ஊழியர், திருகோணமலை நகர்

பதில்: மாற்றுங்கள். ஓர் இலட்சம் என்பது 1500 சிசி, 1800 சிசி எஞ்சின்களை மனத்தில் வைத்துச் சொல்லப்படும் எண். சிறிய எஞ்சின் அதே வேகத்தில் ஓடுவதற்கு அதிகமாகச் சுழல வேண்டும். மணிக்கு 60 கிலோமீற்றரில் நிமிடத்துக்கு 3000 சுழற்சி என்றால், ஒரு கிலோமீற்றருக்கு ஒரு பிளக்கிலிருந்து 1500 பொறி. பெரிய காரின் ஒன்றரை மடங்கு. பிளக் தயாரிப்பாளர்களும் இத்தகைய சிறு கார்களுக்குக் குறைந்த தூரத்தையே பரிந்துரைக்கிறார்கள். வீதியோரத்தில் ஏசி போட்டுக் காத்திருக்கும்போது எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தால் அந்த நேரப் பொறிகள் மீற்றரில் ஏறுவதே இல்லை. மேலும், உங்கள் எஞ்சினில் மூன்று சிலிண்டர்கள்தான். ஒன்று நின்றால் வலுவில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். நான்கு சிலிண்டர் காரைப் போல அது உங்களைத் தூரத்துக்கு இழுத்து வராது.

இரிடியம் பிளக்கின் நடு முனை ஊசி போல மெல்லியது, பலவற்றில் அரை மில்லிமீற்றரை ஒட்டிய தடிப்பு. இரிடியம் ஏறத்தாழ 2450 பாகை செல்சியசிலும், நிக்கல் ஏறத்தாழ 1455 பாகையிலும் உருகுகின்றன. அதனால்தான் அவ்வளவு மெல்லிய முனையும் தாங்குகிறது. போலியில் அந்த உலோகம் இருக்காது. முனை மெல்லியதாக இருக்கும், ஆனால் சில ஆயிரம் கிலோமீற்றரில் மழுங்கிவிடும். விலை வழமையைவிட மிகக் குறைவாக இருந்தால் வாங்காதீர்கள். நடு முனையும் மேல் முனையும் ஒரே நேர்கோட்டில் இருக்கின்றனவா, பீங்கானில் எழுத்து தெளிவாக அச்சாகியிருக்கிறதா, மரை சுத்தமாக வெட்டப்பட்டிருக்கிறதா, மூன்று பிளக்கின் இடைவெளியும் ஒன்றாக இருக்கிறதா என்று கடையிலேயே பெட்டியைத் திறந்து பாருங்கள். சந்தேகம் இருந்தால், நம்பத்தகுந்த கடையில் நல்ல நிக்கல் பிளக்கை, உங்கள் எஞ்சினுக்குரிய வெப்ப இலக்கத்தில் (பிளக் தன் சூட்டை எவ்வளவு வெளியேற்றும் என்பதைக் காட்டும் எண்) வாங்கி, குறுகிய தூரத்துக்கு ஒரு தடவை மாற்றுவது போலி இரிடியத்தைவிட எவ்வளவோ மேல்.

பொருத்தும்போது நீங்களும் பக்கத்தில் நில்லுங்கள். எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். பிளக் குழியிலுள்ள மணலையும் தூசியையும் காற்றடித்து வெளியேற்றிய பிறகே பழையதைக் கழற்ற வேண்டும். எஞ்சின் தலை அலுமினியத்தால் ஆனது; இரும்புப் பிளக்கைக் கோணலாக நுழைத்து ஸ்பானரால் திருகினால் மரை போய்விடும். முதலில் கையாலேயே முழுவதும் திருகி உட்கார வைத்து, வளையமுள்ள புதிய பிளக் என்றால் அதன் பின் அரைச் சுற்று முதல் மூன்றில் இரண்டு சுற்று வரை இறுக்கினால் போதும். இறுக்கும் வலுவை அளக்கும் டோர்க் ஸ்பானர் இருந்தால் கைந்நூலில் உள்ள அளவுக்கே இறுக்கலாம். இரிடியம் முனையைக் கம்பித் தூரிகையால் தேய்க்கவோ, இடைவெளி பார்க்கும் வில்லையை அதன்மேல் நெம்பவோ விடாதீர்கள், ஊசிமுனை உடைந்துவிடும். மூன்று கொயில்களையும் திரும்பப் பொருத்திய பின், இணைப்பான்கள் ஒவ்வொன்றும் ‘டிக்’ என்று பூட்டும் சத்தம் கேட்டதா என்று எண்ணிக்கொள்ளுங்கள். பழைய கொயில்களை அப்படியே விட்டுவிடுங்கள்.